மஞ்சள் கருவிலிருந்து மூளைக்கு

1957-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மெர்க் நிறுவன ஆய்வகத்தில் ஃபிரெடரிக் கூல் என்பவரின் குழு மூன்று பொருள்களிலிருந்து ஒரே மூலக்கூறைப் பிரித்தெடுத்தது. முட்டையின் மஞ்சள் கரு, சோயா லெசித்தின், கடலைப் புண்ணாக்கு ஆகியவையே அந்த மூன்று பொருள்கள். பதினாறு கரிம அணுக்கள் கொண்ட பால்மிட்டிக் அமிலத்தின் நுனியில் எத்தனாலமின் என்ற சிறு துண்டு ஒட்டியிருந்த அந்தப் பொருளுக்குப் பால்மிட்டோயில் எத்தனாலமைடு என்று பெயர். சுருக்கமாக பி.ஈ.ஏ. என்பார்கள். அது அழற்சியைத் தணித்தது.

புதுச்சத்திரம், மோகனூர், நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர்களுக்கு முட்டையும் சோயாவும் கடலையும் அன்றாடம் கையில் படுபவை. தீவனக் கிடங்கில் சோயாப் புண்ணாக்கும் கடலைப் புண்ணாக்கும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். மூன்றாவது பொருள் கூண்டின் சரிவில் உருண்டு வந்து நிற்கும். சேலம், நாமக்கல் சமவெளியின் செம்மண் மானாவாரி நிலங்களில் தலைமுறை தலைமுறையாக நிலக்கடலை விளைகிறது. கடந்த அரை நூற்றாண்டில் இதே மண் நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில் முட்டை அனுப்பும் பூமியாகவும் ஆகிவிட்டது. மூளையின் நரம்பணுக்கள் கொழுப்பைக் கொண்டு பேசிக்கொள்கின்றன என்ற கண்டுபிடிப்புக்கான முதல் தடயங்களில் ஒன்று இந்த இரண்டு விளைபொருள்களிலிருந்தும் கிடைத்தது. இந்த உறவை இந்தப் பகுதியில் எடுத்துச் சொல்பவர் குறைவு.

கூலின் குழு மஞ்சள் கருவைத் தேடிப் போனதற்கு ஒரு முன்கதை உண்டு. ஆல்வின் கோபர்ன் என்ற மருத்துவர் நியூயார்க்கில் கீல்வாதக் காய்ச்சலை ஆராய்ந்துகொண்டிருந்தார். தொண்டைப் புண்ணில் தொடங்கி மூட்டுகளை வீங்கவைத்து, இதய வால்வுகளையே கெடுத்துவிடும் நோய் அது. நம் ஊர்களில் இன்றும் மாதம் தவறாமல் பென்சிலின் ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைகள் உண்டென்றால் காரணம் இந்த நோய்தான். நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைக் குழந்தைகளையே அது அதிகம் தாக்கியது. அந்தக் குழந்தைகளின் சாப்பாட்டில் முட்டை குறைவாக இருப்பதை கோபர்ன் கவனித்தார். வீடு, தெரு, நெரிசல் எதையும் மாற்றாமல் உணவில் மஞ்சள் கருவை மட்டும் சேர்த்துக் கொடுத்தார். நோய் திரும்ப வருவது குறைந்தது. 1943-இல் லூசில் மூர் என்பவருடன் சேர்ந்து அந்த முடிவுகளை வெளியிட்டார். பிறகு 1954-இல், மஞ்சள் கரு கலந்த உணவு கினிப் பன்றிகளின் மூட்டு அழற்சியைக் குறைப்பதையும் அவருடைய குழு காட்டியது.

நிலக்கடலை வேறு வழியாக உள்ளே வந்தது. 1956-இல் பிரிட்டனில் டேவிட் லாங்கும், வேதியியலுக்கான 1952-ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஆர்ச்சர் மார்ட்டினும் கடலை எண்ணெயில் ஏதோ ஒன்று ஒவ்வாமையைத் தணிக்கிறது என்று எழுதினார்கள். மஞ்சள் கருவும் கடலையும் ஒரே பொருளைச் சுட்டுகின்றன என்பது அடுத்த ஆண்டே மெர்க் ஆய்வகத்தில் தெளிவாயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். 1965-இல் அமெரிக்காவில் பாக்கரும் உடன்ஃபிரெண்டும் அடங்கிய குழு, எலியின் உடலுறுப்புகளில் இதே பி.ஈ.ஏ. இருப்பதைக் கண்டது. கல்லீரலில் இருந்தது, தசையில் இருந்தது, மூளையிலும் இருந்தது. முட்டையில் உள்ள அழற்சி மருந்து மூளையில் என்ன செய்கிறது என்று கேட்டிருக்க வேண்டிய தருணம் அது. பெரிதாக யாரும் கேட்கவில்லை. கொழுப்பு என்றால் உடலுக்கு எரிபொருள், அல்லது செல்லைச் சுற்றி நிற்கும் சுவர். அதற்கு மேல் அதற்கு வேலையில்லை என்ற எண்ணம் அத்தனை ஆழமாக வேரூன்றியிருந்தது. செய்தி சொல்வது என்ற உயர்ந்த வேலை புரதங்களுக்கும், அசிட்டைல்கோலின், டோபமின் போன்ற நீரில் கரையும் சிறு மூலக்கூறுகளுக்கும் உரியது என்று எல்லோரும் நம்பினார்கள்.

மூளையின் உலர்ந்த எடையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. இது புதிய செய்தியும் அல்ல. பாரிஸ் மருந்தாளர் நிக்கோலா தியோடர் கோப்லே 1840களிலேயே கோழி முட்டையின் மஞ்சள் கருவிலிருந்து பாஸ்பரஸ் கலந்த கொழுப்பைப் பிரித்தெடுத்து, அதே வகைக் கொழுப்பு மூளையிலும் உள்ளது என்று காட்டியிருந்தார். லெசித்தின் என்ற பெயரை வைத்தவரும் அவரே. லண்டனில் மருத்துவராக இருந்த ஜெர்மானியர் லுட்விக் துடிகம் மாட்டு மூளைகளையும் மனித மூளைகளையும் கரைத்துப் பிரித்து, 1884-இல் மூளையின் வேதியியல் பற்றி ஒரு முழுநூலே எழுதினார். செஃபாலின், ஸ்ஃபிங்கோமைலின் என்று இன்றைய பாடநூல்களில் வரும் பெயர்களில் பல அவர் தந்தவை. மூளையில் இருப்பது ஒரே பிரம்மாண்ட மூலக்கூறு என்று அன்றைய பேராசிரியர்கள் சிலர் வாதிட்டார்கள். இல்லை, பலவகைக் கொழுப்புகள் தனித்தனியாக உள்ளன என்றார் துடிகம். அவர் இறந்த பிறகே அவர் சொன்னது சரி என்று ஏற்கப்பட்டது.

முட்டைக்கும் மூளைக்கும் இந்த ஒற்றுமை தற்செயலாக வந்ததல்ல. அடைகாத்த முட்டைக்குள் இருபத்தொரு நாளில் ஒரு முழு மூளை உருவாக வேண்டும். வெளியிலிருந்து ஒரு துளி உணவும் வராது. டி.எச்.ஏ. என்ற நீண்ட கொழுப்பு அமிலத்தையும், இருபது கரிமங்கள் கொண்ட அராக்கிடோனிக் அமிலத்தையும் கரு மஞ்சள் கருவிலிருந்து இழுத்துத் தன் நரம்பணுக்களின் சவ்வில் பதித்துக்கொள்கிறது. நாமக்கல் சந்தைக்கு வருவது கருவுறாத முட்டை. ஆனாலும் கோழி தன் உடலிலிருந்து எடுத்து வைக்கும் சேமிப்பு அதே சேமிப்புதான்.

இனி மூளைக்குள் நுழையலாம்.

நரம்பணுவைச் சுற்றியிருக்கும் சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பாலானது. ஒவ்வொரு பாஸ்போலிப்பிட் மூலக்கூறிலும் ஒரு தலையும் இரண்டு வால்களும் உண்டு. தலை தண்ணீரை விரும்பும், வால்கள் தண்ணீரை வெறுக்கும். ஒரு மஞ்சள் கருவைக் கிண்ணத்தில் விட்டு, சொட்டுச் சொட்டாக எண்ணெய் ஊற்றி அடித்துப் பார்த்தால் இந்தக் குணம் கண்ணுக்கே தெரியும். பிரிந்து மிதக்க வேண்டிய எண்ணெய் மெல்ல மெல்லக் கெட்டியான, வெளிறிய மஞ்சள் குழம்பாகத் திரண்டு வரும். எண்ணெய்த் துளிகளைச் சுற்றி லெசித்தின் வேலிகட்டி, தலைகளை வெளியே நீட்டி நிற்பதும் அதற்கு ஒரு காரணம். நரம்பணுவின் சவ்வும் இதே விதியில்தான் நிற்கிறது.

இந்தச் சவ்விலேயே செய்தி ஒளிந்திருக்கிறது என்பதை முதலில் தொட்டவர்கள் லோவெல் ஹோக்கின், மேபல் ஹோக்கின் தம்பதியர். 1953-இல் புறாவின் கணையத் துண்டுகளின் மீது அசிட்டைல்கோலினை ஊற்றி, கதிரியக்கப் பாஸ்பரஸ் எங்கே போகிறது என்று பார்த்தார்கள். அது சவ்வின் கொழுப்புகளுக்குள் வேகமாகப் புகுந்தது. வெளியிலிருந்து ஒரு சேதி வந்ததும் சவ்வின் கொழுப்பு உடைந்து, உடனே புதிதாகக் கட்டப்படுகிறது என்பது அதன் பொருள். அடுத்துவந்த ஆண்டுகளில் மூளைப் புறணித் துண்டுகளிலும் இதையே கண்டார்கள். ஏன் உடைகிறது என்பது விளங்க இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின. உடைவதற்கும் செல்லுக்குள் கால்சியம் பெருகுவதற்கும் தொடர்பு உண்டு என்று 1975-இல் இங்கிலாந்தின் ராபர்ட் மிச்செல் வாதிட்டார். 1983-இல் மைக்கேல் பெரிட்ஜ் உள்ளிட்ட குழு அந்த இணைப்பைக் கண்டுபிடித்தது.

சவ்வின் உள்பக்கத்தில் பி.ஐ.பி.2 என்ற கொழுப்பு மிகச் சிறிய அளவில் இருக்கிறது. சவ்வில் பதிந்திருக்கும் ஏற்பி என்ற புரதத்தில் ஒரு செய்தி வந்து தட்டியதும் ஒரு நொதி அதை இரண்டாக வெட்டுகிறது. வெட்டப்பட்ட தலை, ஐ.பி.3 என்ற பெயரில் செல்லின் உட்புறத்துக்கு ஓடி, அங்கே அடைத்து வைத்திருக்கும் கால்சியத்தைத் திறந்துவிடுகிறது. டயசைல்கிளிசரால் என்ற வால்பகுதி சவ்விலேயே தங்கி, ஜப்பானின் யசுதோமி நிஷிசுகா 1970களில் கண்டறிந்த புரத கைனேஸ் சி-யைத் தட்டி எழுப்புகிறது. ஒரே வெட்டில் இரண்டு செய்திகள்.

இதில் இந்தியாவின் பங்கு சேலத்திலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில், பெங்களூருவில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் உருவானது. அங்கு பணியாற்றிய கைத்தி ஹசன், ஐ.பி.3 தட்டும் கதவான அதன் ஏற்பியின் மரபணுவைப் பழ ஈயில் அடையாளம் கண்டவர்களில் ஒருவர். மைக்கேல் ராஸ்பாஷுடன் சேர்ந்து 1992-இல் அதை வெளியிட்டார். பிறகு 2004-இல் அவருடைய குழு, அந்த ஏற்பி பழுதான ஈக்களால் பறக்க முடியவில்லை என்று காட்டியது. இறக்கைக்குத் தாளம் தரும் நரம்பணுக்களின் துடிப்பே அந்த ஈக்களில் குலைந்திருந்தது. அதே மையத்தில் ரகு படிஞ்ஞாட், ஈயின் கண்ணில் ஒளி விழும்போது பி.ஐ.பி.2 எப்படி உடைந்து எப்படி மீண்டும் கட்டப்படுகிறது என்பதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். வெட்டுவதைவிடத் திரும்பக் கட்டுவதே பெரிய வேலை. திரும்பக் கட்டத் தேவையான இனோசிட்டால் என்ற பொருளை உடைந்த தலையிலிருந்து மீட்டுக் கொடுக்கும் நொதியை லித்தியம் தடுக்கிறது. மனநல மருத்துவர்கள் பித்துநிலைக்கும் மனச்சோர்வுக்கும் இடையே ஊசலாடுபவர்களுக்கு லித்தியம் தருகிறார்கள். அது ஏன் பயன்படுகிறது என்பதற்கு 1980களில் பெரிட்ஜ் முன்வைத்த விளக்கம் இந்தத் தடையையே அடிப்படையாகக் கொண்டது.

வெட்டு இரண்டோடு நிற்பதில்லை. இங்கிருந்துதான் விஷயம் சூடுபிடிக்கிறது.

சவ்வில் தங்கிய டயசைல்கிளிசராலின் இரண்டு வால்களில் ஒன்று பெரும்பாலும் அராக்கிடோனிக் அமிலம். இன்னொரு நொதி வந்து மற்ற வாலை மட்டும் கத்தரித்துவிட்டால் மிஞ்சுவது 2-ஏ.ஜி. என்ற மூலக்கூறு. இந்தப் பொருள் மூளையில் இருப்பது 1995-இல்தான் தெரிந்தது. அதற்கும் முன்னால் தெரியவந்தது அதன் உறவினர்.

கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி.யை 1964-இல் இஸ்ரேலில் யெச்சியல் கவோனியும் ரபேல் மெச்சூலமும் தூய நிலையில் பிரித்தார்கள். ஆனால் மூளையில் அது எங்கே போய்ப் படிகிறது என்பது 1988 வரை தெரியவில்லை. அந்த ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் அலின் ஹவ்லெட்டும் வில்லியம் டெவேனும் அதற்கென்று ஓர் ஏற்பி இருப்பதைக் காட்டினார்கள். 1990-இல் லிசா மட்சுடா அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தார். சி.பி.1 என்ற அந்த ஏற்பி மூளையில் அதன் வகையில் மிக அதிகமாக இருப்பவற்றில் ஒன்று. ஒரு செடியின் சாற்றுக்காக மூளை இத்தனை கதவுகளைக் கட்டி வைத்திருக்காது. அப்படியென்றால் உடலே ஏதோ ஒரு சாவியைச் செய்கிறது. டெவேன் ஜெருசலேமுக்குப் போய் மெச்சூலமோடு சேர்ந்தார். பன்றி மூளைகளை அரைத்து, கொழுப்பைப் பிரித்து, 1992 டிசம்பரில் அந்தச் சாவியைக் கண்டுபிடித்தார்கள். சமஸ்கிருத ஆனந்தத்திலிருந்து பெயரெடுத்து அதற்கு ஆனந்தமைடு என்று பெயரிட்டார் டெவேன்.

ஆனந்தமைடு என்பது என்ன? அராக்கிடோனிக் அமிலத்தின் நுனியில் எத்தனாலமின். மஞ்சள் கருவிலும் கடலையிலும் கிடைத்த பி.ஈ.ஏ.யின் உடன்பிறப்பு. தலை அதே தலை, வால் மட்டும் வேறு. இந்த வகை மூலக்கூறுகளை மூளை எப்படிக் கட்டுகிறது, எப்படிச் சிதைக்கிறது என்பது ஆனந்தமைடு கண்டுபிடிக்கப்படுவதற்குப் பத்தாண்டுகள் முன்பே பெருமளவு ஆராயப்பட்டுவிட்டது. அமெரிக்காவின் ஹார்மெல் ஆய்வு நிறுவனத்தில் ஹரால்டு ஷ்மிட்டின் குழுவில் இருந்த விஸ்வநாதன் நடராஜன் 1980களின் தொடக்கத்தில் நாயின் மூளைத் திசுவைக் கொண்டு அந்தப் பாதையைப் படிப்படியாக எழுதி வைத்தார். அன்று அதைக் கொழுப்பு வேதியியலாளர்களைத் தவிர வேறு யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. அறிவியலில் ஒரு கேள்வி பிறக்கும் முன்பே அதன் விடையில் பாதி எழுதப்பட்டிருப்பது அரிது. அந்தப் பணிக்கு உரிய மதிப்பு கிடைத்தாக வேண்டும்.

சாவி கிடைத்தது. அது மூளையில் செய்யும் வேலை என்ன என்பதற்கு விடை கிடைத்தது 2001-இல். அந்த விடை ஒரு பழைய புதிரிலிருந்து வந்தது.

1991, 1992-ஆம் ஆண்டுகளில் இரண்டு குழுக்கள் விசித்திரமான ஒன்றைக் கண்டிருந்தன. சிறுமூளையில் இருக்கும் பெரிய பர்கின்ஜி நரம்பணு ஒன்றை மெல்லிய கண்ணாடி மின்முனையால் பிடித்து, சில நொடிகள் தூண்டினார்கள். தூண்டியதும், அதன்மேல் வந்து முடியும் மற்ற நரம்பணுக்கள் அதற்கு அனுப்பிக்கொண்டிருந்த “அடங்கு” என்ற சமிக்ஞை பல நொடிகளுக்குக் குறைந்துபோனது. திரையில் வரிசையாகக் குதித்துக்கொண்டிருந்த கூர்முனைகள் தளர்ந்து, பிறகு மெல்ல மீண்டும் எழுந்தன. தூண்டப்பட்டது பெறுகிற அணு. ஆனால் மாறியது அனுப்புகிற அணு. சமிக்ஞை ஒரு திசையில்தான் பாயும் என்று பாடநூல்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, யாரோ எதிர்த்திசையில் சேதி கொண்டுபோகிறார்கள். யார் அது? மூளையின் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் இதே நிகழ்வை இரண்டாவது குழு கண்டது. தூதர் யார் என்பது மட்டும் பத்தாண்டுகள் பிடிபடவில்லை.

2001 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவில் ரேச்சல் வில்சனும் ரோஜர் நிக்கோலும், ஹார்வர்டில் அனட்டோல் கிரைட்சரும் வேட் ரெகெரும், ஜப்பானின் கனசவாவில் மசானோபு கானோவின் குழுவும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் ஒரே விடையைச் சொன்னார்கள். தூதர் ஒரு கொழுப்பு. பெறுகிற நரம்பணு தன் சவ்விலிருந்து அதை அந்த நொடியிலேயே வெட்டியெடுத்து, இரண்டு அணுக்களும் சந்திக்கும் சினாப்ஸின் இடைவெளியைக் கடந்து பின்னோக்கி அனுப்புகிறது. அனுப்புகிற அணுவின் முனையில் உள்ள சி.பி.1 ஏற்பியில் அது அமர்ந்ததும் அங்கிருந்து வரும் சமிக்ஞை தணிகிறது. ஜேடர்பாளையம் அணையிலிருந்து வரும் ராஜவாய்க்காலில் கடைமடை வயல்காரர், “இங்கே போதும், மடையைச் சாத்துங்கள்” என்று மேலே சொல்லி அனுப்புவதைப் போன்ற வேலை அது. இந்தத் தூதர் பெரும்பாலும் 2-ஏ.ஜி. என்று பின்னர் தெளிவாயிற்று. மூளையில் அது ஆனந்தமைடைவிட நூறு மடங்குக்கும் மேல் கூடுதலாக இருக்கிறது.

டோபமினும் அசிட்டைல்கோலினும் சிறு பைகளில் முன்கூட்டியே சேர்த்து வைக்கப்படுகின்றன. கொழுப்புத் தூதர்களை அப்படிப் பையில் அடைக்க முடியாது. பையே கொழுப்பு என்பதால் ஊடுருவி வெளியேறிவிடும். ஆகவே தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் நொடியில் வெட்ட வேண்டும். வேலை முடிந்ததும் சிதைக்கவும் வேண்டும். வெட்டும் நொதியும் சிதைக்கும் நொதியும் எங்கே அமர்ந்திருக்கின்றன என்பதே இங்கு எல்லாம்.

2-ஏ.ஜி. சிதையும்போது மிஞ்சுவது அராக்கிடோனிக் அமிலம். அதுவும் சும்மா கிடப்பதில்லை. சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற நொதி அதைப் புரோஸ்டாகிளாண்டின்களாக மாற்றுகிறது. காய்ச்சல் என்பது இந்த வகையைச் சேர்ந்த பி.ஜி.ஈ.2 என்ற ஒன்றின் வேலை. கிருமி தாக்கியதும் மூளையின் இரத்தக் குழாய்ச் சுவர்கள் அதைச் சுரக்கின்றன. ஹைபோதலமஸின் முன்பகுதியில் உள்ள நரம்பணுக்கள் அதை உணர்ந்ததும் உடலின் வெப்ப அளவை மேலே ஏற்றிவைக்கின்றன. உடம்பு நடுங்கும், கம்பளி கேட்கும். ஆஸ்பிரின் இந்த நொதியையே தடுக்கிறது என்று ஜான் வேன் 1971-இல் காட்டினார். அதற்காக 1982-இல் நோபல் பரிசில் பங்கும் பெற்றார். மூளையின் புரோஸ்டாகிளாண்டின்களுக்கு வேண்டிய அராக்கிடோனிக் அமிலத்தில் பெரும்பங்கு 2-ஏ.ஜி.யிலிருந்துதான் வருகிறது என்பது 2011-இல் எலிகளில் உறுதியாயிற்று.

ஆக, சவ்வில் இருக்கும் ஒரே ஒரு கொழுப்பு. அதை ஒருமுறை வெட்டினால் கால்சியத்தைத் திறக்கும் ஐ.பி.3. அடுத்து வெட்டினால் பக்கத்து அணுவை அமைதிப்படுத்தும் 2-ஏ.ஜி. இன்னொரு முறை வெட்டினால் காய்ச்சலையும் வலியையும் கிளப்பக்கூடிய பொருளின் மூலப்பொருள். சாந்தமும் சூடும் ஒரே இழையின் அடுத்தடுத்த கண்ணிகள். ஒரு கண்ணியை மட்டும் இழுக்கலாம் என்று நினைத்த மருந்துகள் பட்ட பாட்டை இதைக்கொண்டுதான் விளங்கிக்கொள்ள முடியும்.

ரிமோனபன்ட் சி.பி.1 ஏற்பியை அடைத்துவிடும் மருந்து. பசி குறையும், எடை இறங்கும் என்று 2006-இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. எடை உண்மையிலேயே இறங்கியது. கூடவே மனச்சோர்வும் தற்கொலை எண்ணங்களும் வந்தன. பசியைக் கட்டுப்படுத்தும் இடத்தில் மட்டும் அல்லாமல் மனநிலையைத் தாங்கும் இடங்களிலும் அதே ஏற்பி இருந்ததே காரணம். 2008-இல் ஐரோப்பா விற்பனையை நிறுத்தியது. இந்தியாவிலும் விற்கப்பட்ட அந்த மருந்தை 2009 டிசம்பரில் மத்திய அரசு தடை செய்தது.

எதிர்த்திசையிலும் முயன்றார்கள். ஆனந்தமைடையும் பி.ஈ.ஏ.யையும் சிதைக்கும் ஃபா என்ற நொதியை 1996-இல் பெஞ்சமின் கிராவட்டின் குழு அடையாளம் கண்டது. அதைத் தடுத்தால் உடலின் சொந்த வலிநிவாரணி பெருகும் அல்லவா? அந்த நம்பிக்கைக்கு ஓர் உயிருள்ள சான்றும் கிடைத்தது. 2019-இல் லண்டன் ஆய்வாளர்கள் விவரித்த ஸ்காட்லாந்துப் பெண்மணி, 66 வயதில் கையில் நடந்த கடினமான அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் வலிநிவாரணி ஏதும் கேட்கவில்லை. வாழ்நாள் முழுவதும் அவருக்கு வலியும் பதற்றமும் மிகக் குறைவு. ஃபா நொதியின் மரபணுவை அடுத்து ஒரு சிறு பகுதி அவரிடம் அறுந்துபோயிருந்தது. இரத்தத்தில் ஆனந்தமைடும் பி.ஈ.ஏ.யும் உயர்ந்திருந்தன.

ஆனால் அந்த நொதியைத் தடுக்கும் மாத்திரை ஒன்று மூட்டுத் தேய்மான வலிக்குப் பயன்படவில்லை என்பது 2012-இலேயே தெரிந்திருந்தது. மற்றொரு மருந்தை 2016 ஜனவரியில் பிரான்சின் ரென் நகரில் நலமுள்ள தன்னார்வலர்களுக்குக் கொடுத்தபோது ஒருவர் இறந்தார். வேறு சிலருக்கு மூளையில் பாதிப்பு ஏற்பட்டது. அந்த மருந்து ஃபாவை மட்டும் தொடவில்லை, கொழுப்பை வெட்டும் வேறு பல நொதிகளையும் சேர்த்து அடைத்தது என்று அடுத்த ஆண்டு ஓர் ஆய்வு காட்டியது. இந்த இழையின் கண்ணிகள் எவ்வளவு நெருக்கமானவை என்பதை அந்த மரணம் உணர்த்திவிட்டது.

இதற்கிடையே, ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும் பாரசிட்டமால் மாத்திரை இதே பாதையை அமைதியாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது. ஸ்வீடனின் லுண்ட் நகர ஆய்வாளர்கள் 2005-இல் காட்டியபடி, கல்லீரலில் அதன் ஒரு பகுதி மாறி மூளைக்குச் செல்கிறது. அங்கே ஃபா நொதியே அதை அராக்கிடோனிக் அமிலத்தோடு பிணைத்து ஏ.எம்.404 என்ற புதிய பொருளாக்குகிறது. மிளகாயின் காரத்தை உணரும் அதே ஏற்பியில் அது போய் வேலை செய்கிறது. வலி தணிவதில் இதற்கும் பங்கு உண்டு.

முட்டைக்குத் திரும்புவோம். தமிழ்நாட்டின் சத்துணவில் 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒன்றாகத் தொடங்கிய முட்டை, 2010-இல் வாரத்துக்கு ஐந்து என்றானது. இந்தத் திட்டத்துக்குச் செல்லும் முட்டையில் பெரும்பங்கு நாமக்கல் வட்டாரத்துடையது. கோபர்னின் கதையைப் படித்துவிட்டு, முட்டை தின்றால் மூளையில் ஆனந்தமைடு பெருகும் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பக் கூடாது. மஞ்சள் கருவில் உள்ள பி.ஈ.ஏ. மிகச் சொற்பம். மூளைக்கு வேண்டிய தூதரை மூளையே, அந்த இடத்திலேயே வெட்டிக்கொள்கிறது. மாத்திரையாகக் கிடைக்கும் பி.ஈ.ஏ. நரம்பு வலிக்கு உதவுகிறது என்று சொல்லும் சோதனைகளில் பல சிறியவை. அந்த விற்பனைப் பேச்சை அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முட்டை தருவது வேறு. அது மூலச்சரக்கைத் தருகிறது. வயதுவந்தவரின் மூளை நாளொன்றுக்கு ஏறத்தாழ 18 மில்லிகிராம் அராக்கிடோனிக் அமிலத்தையும், 4 மில்லிகிராம் அளவுக்கு டி.எச்.ஏ.யையும் இரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் மூளையைப் படமெடுத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு முட்டையில் உள்ள அராக்கிடோனிக் அமிலம் அதைவிடப் பலமடங்கு. கூடவே, லெசித்தினின் தலையாக இருக்கும் கோலினும் நூறு மில்லிகிராமுக்கு மேல் கிடைக்கிறது. வளரும் பிள்ளையின் மூளை தன் சவ்வுகளைக் கட்டுவதற்கும், அசிட்டைல்கோலின் செய்வதற்கும் அது வேண்டும். அரிசியையும் பருப்பையும் நம்பிய ஒரு தட்டில் இந்த இரண்டையும் இவ்வளவு மலிவாகச் சேர்க்க வேறு வழி எளிதில்லை. இன்னொன்று: கோழிக்குப் போடும் தீவனத்தில் ஆளிவிதையோ மீன் எண்ணெயோ சேர்ந்தால் மஞ்சள் கருவின் டி.எச்.ஏ. உயரும். பண்ணைக்காரர் எந்த மூட்டையைப் பிரிக்கிறார் என்பது வரை இந்தச் சங்கிலி நீளுகிறது. 1985-இல் தொடங்கப்பட்ட நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கும் ஊரில், முட்டையின் விலையைப் போலவே அதன் கொழுப்பும் பேசப்பட வேண்டிய பொருள்.

மூளையின் கொழுப்புத் தூதர்களை ஆராயும் துறைக்கு நீண்ட நாள் இருந்த பெரிய தடை அளவீடு. விலங்கு இறந்த சில நிமிடங்களிலேயே மூளையில் 2-ஏ.ஜி. தாறுமாறாக ஏறிவிடும். அரைத்துப் பார்த்து எடுத்த எண்கள் பலவற்றை நம்ப முடியாமல் போனது இதனால்தான். பீக்கிங் பல்கலைக்கழகத்தில் யூலோங் லீயின் குழு சி.பி.1 ஏற்பியோடு ஒளிரும் புரதம் ஒன்றைப் பிணைத்து, கொழுப்புத் தூதர் வந்து அமர்ந்ததும் பச்சையாக மின்னும் உணரி ஒன்றைச் செய்தது. ஸ்டான்ஃபோர்டில் இவான் சோல்டெஸின் குழு 2021-இல் அதைக் கொண்டு, ஓடுகிற எலியின் ஹிப்போகேம்பஸில் 2-ஏ.ஜி. ஏறி இறங்குவதை நொடிக்கு நொடி பார்த்தது. பிறகு எலிக்கு வலிப்பு வந்த தருணத்தையும் பார்த்தது. இயல்பான அசைவில் தெரிந்த அளவைவிடப் பலமடங்கு 2-ஏ.ஜி. பீறிட்டு வந்தது. எரியும் நரம்பணுக்களை அடக்க மூளை எடுக்கும் கடைசி முயற்சி அது. ஆனால் வந்த வேகத்திலேயே அது சிதைந்து புரோஸ்டாகிளாண்டின் ஆயிற்று. இரத்தக் குழாய்கள் இறுகின. வலிப்பு நின்ற பிறகும் வெகுநேரம் அந்தப் பகுதிக்குப் பிராணவாயு போதவில்லை. வலிப்பு வந்துபோன பிறகு மணிக்கணக்கில் கை தூக்க முடியாமல், பேச்சு குழறி, ஆளை அடையாளம் தெரியாமல் கிடப்பவர்களைக் குடும்பங்கள் பார்த்துப் பயப்படுவது உண்டு. அந்த நிலைக்கு இப்படி ஒரு காரணம் இருக்கலாம் என்பதை அந்தப் பச்சை ஒளி முதன்முறையாக நேரில் காட்டியது. 2-ஏ.ஜி. சிதைவதை முன்கூட்டியே தடுத்த எலிகளில் அந்த இறுக்கம் தணிந்தது.